மனம்விட்டுப் பேசச் சொல்லும் கம்பெனியும் வாய் திறக்க முடியாத தொழிலாளியும்

(ராஜபாளையத்தில் நடந்த வாசிப்பு வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



தலைப்பைச் சொன்னதும் உங்களில் சிலர் சிரித்தீர்கள். நிறுவனங்களுக்குள் மாற்றம் எப்படி நடக்கிறது என்பதெல்லாம் எம்.பி.ஏ. வகுப்பில் பேச வேண்டியது, சாதி ஒழிப்பு பேசுகிற இடத்தில் இதற்கு என்ன வேலை என்று தோன்றியிருக்கும். நியாயமான சிரிப்புதான். ஆனால் இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் ஏதோ ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறீர்கள். மீதிப் பேர் நாளைக்குப் போகப் போகிறீர்கள். சிலர் மில்லுக்கு, சிலர் சத்திரப்பட்டி பக்கம் பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கு, சிலர் சென்னைக்கோ பெங்களூருக்கோ ஐ.டி. வேலைக்கு. விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி அங்கேதான் கழியப் போகிறது. தெருவில் சாதி, கோயிலில் சாதி, டீக்கடையில் சாதி, பள்ளிக்கூடத்தில் சாதி என்று நாம் நிறையப் பேசியிருக்கிறோம். கம்பெனி கேட்டைத் தாண்டி உள்ளே போன பிறகு அது என்ன உருவம் எடுக்கிறது என்பதைப் பற்றிக் குறைவாகவே பேசியிருக்கிறோம்.

முதலில் மேலாண்மைக்காரர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்துவிடுவோம். அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது.

மைக்கேல் பீர், ரஸ்ஸல் ஐசன்ஸ்டாட் என்று இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள். 2000ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை எழுதினார்கள். கம்பெனிகள் போடும் பெரிய பெரிய திட்டங்களைச் சத்தமில்லாமல் கொல்லும் ஆறு காரணங்களைப் பட்டியலிட்டார்கள். அதில் ஒன்று, கீழே இருப்பவருக்குத் தெரிந்த உண்மை மேலே போய்ச் சேராமல் இருப்பது. இயந்திரம் எங்கே மக்கர் பண்ணுகிறது, வாடிக்கையாளர் எதற்குக் கோபப்படுகிறார், எந்த மேலாளரால் ஆட்கள் ஓடுகிறார்கள் என்பதெல்லாம் தரைமட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். மேலே உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும் தெரியாது. யாரும் சொல்வதில்லை. சொன்னால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும்.

இதற்கு அவர்கள் ஒரு வழிமுறையும் சொன்னார்கள். நம்பிக்கையான ஊழியர்கள் எட்டுப் பேர் அளவில் ஒரு குழு. அந்தக் குழு கம்பெனிக்குள் நூறு பேர் வரை சந்தித்து, பெயர் வெளியே வராது என்ற உறுதியோடு, உண்மையைக் கேட்டு வரும். பிறகு அந்த எட்டுப் பேரும் அறையின் நடுவில் வட்டமாக உட்கார்ந்து, கேட்டு வந்ததைத் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். மேலதிகாரிகள் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். குறுக்கே பேசக்கூடாது, மறுக்கக்கூடாது, கேட்க மட்டும் வேண்டும். மீன்தொட்டி முறை என்று இதற்குப் பெயர். இப்படிக் கேட்ட பிறகுதான் திட்டத்தைத் திருத்த வேண்டும் என்பது அவர்கள் வாதம்.

கேட்காவிட்டால் என்ன ஆகும்? நோக்கியாவைப் பாருங்கள். டிமோ வூரி, குய் ஹுய் என்ற இரண்டு பேர் 76 பேரிடம் நேர்காணல் எடுத்து 2016இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். உலகத்தில் முதலிடத்தில் இருந்த செல்போன் கம்பெனி ஐபோனுக்கு முன்னால் ஏன் தடுமாறியது என்பது கேள்வி. அவர்கள் கண்டது இது: நடு அடுக்கு மேலாளர்கள் மேலே இருப்பவர்களுக்குப் பயந்தார்கள். மென்பொருள் தயாராக இல்லை என்று தெரிந்தும், ஆகிவிடும் சார் என்றார்கள். கெட்ட சேதி மேலே போகவேயில்லை. அந்த நோக்கியாவின் தொழிற்சாலை ஒன்று நம் ஸ்ரீபெரும்புதூரில் 2006 முதல் ஓடியது. 2014 நவம்பரில் மூடப்பட்டது. மூடலுக்கு வரி வழக்கும் ஒரு முக்கியக் காரணம். ஆலை மைக்ரோசாஃப்டுக்குக் கைமாற முடியாமல் நின்றது அதனால்தான். ஆனால் அந்தக் கைமாற்றம் என்ற பேச்சே கம்பெனி தன் செல்போன் தொழிலை விற்கும் நிலைக்கு வந்ததால் எழுந்ததுதானே? பின்லாந்தில் யாரோ யாரிடமோ உண்மையைச் சொல்லப் பயந்தார்கள். கிராமங்களிலிருந்து வந்து அந்த வேலையை நம்பி வாழ்ந்த பிள்ளைகளும் அதற்கான விலையில் ஒரு பங்கைக் கொடுத்தார்கள்.

ஆக, உள்ளுக்குள் உண்மை பேசப்பட வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. என் கேள்வி வேறு. அந்த எட்டுப் பேர் யார்? அவர்களைத் தேர்ந்தெடுப்பது யார்? சுற்றி உட்கார்ந்து கேட்பவர்கள் யார்?

இந்தியாவில் இதற்கு ஓரளவு விடை இருக்கிறது. 2012இல் எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி இதழில் ஓர் ஆய்வு வந்தது. நாட்டின் முன்னணி ஆயிரம் கம்பெனிகளின் இயக்குநர் குழுக்களில் இருப்பவர்களின் சாதியை ஆராய்ந்தது. ஏறத்தாழ 93 விழுக்காடு முன்னேறிய சாதியினர். பட்டியல் சாதி, பழங்குடியினர் இருவரையும் சேர்த்து 3.5 விழுக்காடு. இதர பிற்படுத்தப்பட்டோர் 3.8. அதற்கு முன், 2007இல் சுகதேவ் தோரட், பால் அட்வெல் இருவரும் ஒரு சோதனை செய்தார்கள். 548 வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். தகுதி ஒன்றுதான், பெயர்தான் வேறு. தலித் பெயர் கொண்ட விண்ணப்பங்களுக்கு அழைப்பு வரும் வாய்ப்பு, உயர்சாதிப் பெயர் கொண்டவற்றோடு ஒப்பிட்டால் மூன்றில் இரண்டு பங்குதான். உள்ளே நுழைவதற்கே பெயர் குறுக்கே நிற்கும் இடத்தில், உள்ளே போய் மனம்விட்டுப் பேசுங்கள் என்று சொல்வதற்கு என்ன பொருள்?

நம் ஊர்க்கதை ஒன்றோடு இதைச் சேர்த்துப் பாருங்கள். 2008 தொகுதி மறுவரையறைக்கு முன்பு ராஜபாளையம் தனித்தொகுதி. அதற்குப் பிறகு அது பொதுத்தொகுதி ஆனது, பக்கத்துத் திருவில்லிபுத்தூர் தனித்தொகுதி ஆனது. அதாவது, சட்டமன்றத்துக்கு ஒரு பட்டியல் சாதியினரை அனுப்பியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இந்த இரண்டு ஊர்களுக்கும் வந்திருக்கிறது. 1936இல் ராஜபாளையம் மில்ஸ் தொடங்கிய காலத்திலிருந்து இந்த வட்டாரம் ஆலைகளின் வட்டாரம். ஆனால் இங்கேயோ நாட்டின் வேறெங்கேயோ, ஒரு தனியார் ஆலையின் மேலாளர் நாற்காலிக்கு அப்படி ஒரு கட்டாயம் கிடையாது. அரசியலில் சமத்துவம் வரப்போகிறது, சமூக வாழ்விலும் பொருளாதார வாழ்விலும் ஏற்றத்தாழ்வு அப்படியே இருக்கப்போகிறது என்று அண்ணல் அம்பேத்கர் 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் எச்சரித்தாரே, அந்த முரண்பாட்டைப் பார்க்க நாம் டெல்லிக்குப் போக வேண்டியதில்லை.

2024 டிசம்பரில் திருவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலில் நடந்ததும் நினைவிருக்கும். இளையராஜா அர்த்த மண்டபத்துக்குள் கால் வைத்தார், அங்கே வரக்கூடாது என்றதும் படிக்கு வெளியே நின்றார். தன் சுயமரியாதையை எங்கும் விட்டுக்கொடுப்பவன் அல்ல என்று அவரே பிறகு சொன்னார். அறநிலையத் துறை, அர்ச்சகர்கள், ஜீயர்கள் தவிர யாருக்கும் அங்கே அனுமதியில்லை என்றது. அந்த விவாதத்துக்குள் மறுபடி போக நான் வரவில்லை. எனக்கு அதில் பட்டது ஒன்றுதான். கோயிலில் அந்தப் படி கண்ணுக்குத் தெரிகிறது. அதனால் நாடே அதைப் பற்றி விவாதித்தது. கம்பெனியில் அந்தப் படி கண்ணுக்குத் தெரியாது. கண்ணாடிக் கதவு, குளிர்சாதனம், எல்லோரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொள்ளும் பழக்கம். எதுவரை வரலாம், எதைப் பேசலாம் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்தே இருக்கிறது.

வெளிநாட்டுக் கம்பெனியில் இதெல்லாம் இருக்காது என்று நம்புகிறவர்களுக்காகக் கூகுள் கதையைச் சொல்கிறேன். எந்தக் குழு நன்றாக வேலை செய்கிறது என்று கூகுள் தன் ஊழியர்களிடமே பெரிய ஆய்வு நடத்தியது. பிராஜெக்ட் அரிஸ்டாட்டில் என்று பெயர். பயமில்லாமல் பேசும் சூழல் உள்ள குழுதான் சிறந்தது என்று உலகத்துக்கே பாடம் எடுத்தது. அதே கூகுளில் 2022 ஏப்ரலில், தலித் வரலாற்று மாதத்தையொட்டி, ஈக்குவாலிட்டி லேப்ஸ் அமைப்பின் தேன்மொழி சௌந்தரராஜன் சாதி பற்றிப் பேசுவதாக இருந்தது. உள்ளுக்குள் எதிர்ப்பு மின்னஞ்சல்கள் பறந்தன. அந்தப் பேச்சு நடந்தால் தங்களுக்குப் பாதுகாப்பு இருக்காது என்று சில ஊழியர்கள் சொன்னார்கள். பேச்சு ரத்தானது. அதை ஏற்பாடு செய்த மேலாளர் தனுஜா குப்தா ஜூன் மாதம் வேலையை விட்டு விலகினார். பயமில்லாமல் பேசலாம் என்ற அதே கொள்கை, சாதி என்ற சொல் வந்ததும், பேசவிடாமல் தடுக்கும் கருவியாக மாறியது. யாருடைய பயம் பயமாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுகிறது என்பதைக் கவனியுங்கள்.

இனி நம் மில்களுக்கு வருவோம்.

ஆய்வுக்காக நான் போன ஓர் ஆலையில் புகார்ப் பெட்டி ஒன்று மாட்டியிருந்தார்கள். பச்சை பெயின்ட் அடித்த தகரப் பெட்டி, பூட்டுப் போட்டது. அதற்கு நேர் மேலே கேமரா. பெட்டியில் எப்போதாவது சீட்டு விழுமா என்று அங்கே கோன் சுற்றும் அக்கா ஒருவரிடம் கேட்டேன். "சாவி சூப்பர்வைசர்கிட்டதானப்பா இருக்கு" என்றார். அதற்கு மேல் என்னிடம் கேள்வி இல்லை.

மேலாண்மைப் புத்தகங்கள் பயம் என்று சொல்வது பதவிப் பயத்தை. வேலை போகும், பதவி உயர்வு போகும் என்ற பயம். நம் மில்களில் பயம் கேட்டோடு முடிவதில்லை. மேற்பார்வையாளர் ஊர்த்தெருவில் இருக்கிறார், வேலை செய்கிற பெண் காலனியில் இருக்கிறார். அவளை வேலைக்குச் சேர்த்துவிட்ட ஏஜெண்டுக்கு வீட்டில் முன்பணம் வாங்கியிருக்கிறார்கள். மில் பஸ்ஸில் நடந்ததை வீட்டில் சொன்னால், வீட்டில் முதலில் செய்வது வேலையை நிறுத்துவது, அடுத்தது மாப்பிள்ளை பார்ப்பது. ஹாஸ்டலில் இருக்கும் பெண் என்றால் வார்டன் கையில் அவளுடைய செல்போன். ஒரு வார்த்தை சொல்வதற்கு முன் இத்தனை கணக்கையும் அவள் போட்டுப் பார்க்க வேண்டும். அவள் பேசாமல் இருப்பது கூச்சத்தினால் அல்ல. நிலைமையை அவளைவிடத் துல்லியமாகக் கணக்குப் போட்டவர் யாரும் இல்லை.

சாதிக்கும் ஆலைக்கும் உள்ள இந்தத் தொடர்பு புதிதும் அல்ல. பம்பாய் ஆலைகளில் அதிகக் கூலி கிடைத்த நெசவுப் பிரிவுக்குள் தலித் தொழிலாளர்களை விடமாட்டார்கள். நெசவில் அறுந்த நூலை எச்சில் தொட்டு இணைக்க வேண்டும். தலித்தின் வாய் பட்ட நூலை எப்படித் தொடுவது என்று கேட்டவர்கள் முதலாளிகள் அல்ல, சக தொழிலாளர்கள். 1928 வேலைநிறுத்தத்தின்போது, இந்தத் தடையை நீக்குவதையும் கோரிக்கையாக வைக்க வேண்டும் என்று தொழிற்சங்கத் தலைவர்களிடம் அம்பேத்கர் மல்லுக்கு நின்றார். தலித் தொழிலாளி முதலாளியிடம் மட்டுமல்ல, தன் பக்கத்தில் நிற்பவரிடமும் உண்மை பேச வேண்டியிருந்தது. இன்றும் அதே நிலைதான்.

இத்தனையும் இருந்தும் மாற்றம் நடந்திருக்கிறது. நம் பக்கத்து மாவட்டத்துக்கு அடுத்த மாவட்டத்திலேயே நடந்திருக்கிறது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்தில், ஈஸ்ட்மேன் குழுமத்தின் நாச்சி அப்பேரல் ஆலையில் வேலை பார்த்த ஓர் இளம் தலித் பெண் கொலை செய்யப்பட்டுக் கிடந்தார். அதே ஆலையின் மேற்பார்வையாளர் கைதானார். அந்தப் பெண் மாதக்கணக்கில் தொல்லைக்கு ஆளானார், வெளியே சொல்ல வழியில்லாமல் இருந்தார் என்று குடும்பத்தாரும் சக தொழிலாளர்களும் சொன்னார்கள். உள்ளே உண்மை பேச இடமில்லாததன் கடைசி விலை இது. நோக்கியாவுக்குச் சந்தை போனது. இங்கே ஓர் உயிர் போனது.

அவர் உறுப்பினராக இருந்த சங்கம் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன். தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் சங்கம். நீதி கேட்டதோடு அவர்கள் நிற்கவில்லை. ஆலை நடத்தும் முறையே மாற வேண்டும் என்றார்கள். ஏஷியா ஃப்ளோர் வேஜ் அலையன்ஸ், குளோபல் லேபர் ஜஸ்டிஸ் ஆகிய அமைப்புகள் துணை நின்றன. அங்கே துணி வாங்கும் பன்னாட்டு நிறுவனங்களை நோக்கிக் கேள்வி போனது. 2022 ஏப்ரலில் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஈஸ்ட்மேன் ஒப்புக்கொண்டது, எச் அண்ட் எம் கையெழுத்திட்டது. பின்னர் கேப், பி.வி.எச். நிறுவனங்களும் சேர்ந்தன. திண்டுக்கல் ஒப்பந்தம் என்று உலகத் தொழிலாளர் இயக்கங்கள் அதைச் சொல்கின்றன.

அதில் என்ன இருக்கிறது? பாலியல் தொல்லையோடு சாதிப் பாகுபாட்டையும், புலம்பெயர்ந்த தொழிலாளி என்ற பாகுபாட்டையும் பெயர் சொல்லித் தடை செய்கிறது. 25 தொழிலாளருக்கு ஒருவர் என்ற கணக்கில் தளக் கண்காணிப்பாளர்கள். அவர்களும் தொழிலாளர்கள்தான். சங்கம் தேர்ந்தெடுத்துப் பயிற்சி தருகிறது. தொல்லை நடக்கும்போதே பார்த்து, பதிவு செய்து, நிர்வாகத்தோடு அடிக்கடி நடக்கும் கூட்டத்தில் முன்வைக்கிறார்கள். புகார் சொன்னவரைப் பழிவாங்கத் தடை. உள்ளே தீராவிட்டால் விசாரிக்க வெளியாட்கள். ஆலை மீறினால், துணி வாங்கும் நிறுவனம் வணிகரீதியாக நடவடிக்கை எடுக்கக் கட்டுப்பட்டிருக்கிறது.

முதல் ஆண்டு அறிக்கையின்படி தளக் கண்காணிப்பாளர்கள் எழுப்பிய புகார்கள் 185. அவற்றில் 182 தீர்க்கப்பட்டன. பெரும்பாலானவை ஒரு வாரத்துக்குள். இந்த எண்ணிக்கையைப் பார்த்து, இவ்வளவு புகாரா, மோசமான ஆலையாக இருக்கும் போலிருக்கிறதே என்று நினைக்காதீர்கள். புகாரே இல்லாத ஆலையைப் பார்த்துத்தான் பயப்பட வேண்டும். அங்கே சாவி யாரிடம் இருக்கிறது என்று விசாரியுங்கள்.

மீன்தொட்டி முறையையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே பேசுபவரை மேலதிகாரி தேர்ந்தெடுக்கிறார். இங்கே தொழிலாளர்களின் சங்கம் தேர்ந்தெடுக்கிறது. அங்கே ஒருமுறை கேட்டுவிட்டு, மாற்றுவதா வேண்டாமா என்று மேலதிகாரி முடிவு செய்வார். இங்கே கேட்பது வழக்கமான வேலை, கேட்காவிட்டால் ஆர்டர் போகும். அங்கே பாதுகாப்பு, மேலதிகாரியின் நல்ல மனசு. இங்கே பாதுகாப்பு, எழுதிக் கையெழுத்திட்ட ஒப்பந்தம். மனம்விட்டுப் பேசுவதற்கு மனம் மட்டும் போதாது என்று நான் சொல்வது இதைத்தான். அதிகாரம் கொஞ்சமாவது கைமாறிய இடத்தில்தான் உண்மை வாய் திறக்கிறது.

இதை அப்படியே இங்கே கொண்டுவந்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை. அந்த ஒப்பந்தத்தின் பிடி, வெளிநாட்டு வாங்குபவரின் கையில் இருக்கிறது. உள்நாட்டுச் சந்தைக்கு நூல் விற்கும் ஒரு சிறிய ஸ்பின்னிங் மில்லை எந்தப் பன்னாட்டு நிறுவனம் கேள்வி கேட்கும்? ஏற்றுமதிச் சங்கிலியில் இல்லாத ஆலைக்கு எந்தப் பிடி? அந்த இடத்தை நிரப்ப வேண்டியது சட்டம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமென்றால் பாலியல் தொல்லையை விசாரிக்க உள்ளகக் குழு வேண்டும் என்று 2013ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. சாதிப் பாகுபாட்டை விசாரிக்கத் தனியார் நிறுவனத்துக்குள் அப்படி ஒரு குழு வேண்டும் என்று சட்டம் எதுவும் கட்டாயப்படுத்தவில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. ஆனால் அது குற்றம் நடந்த பிறகு காவல் நிலையத்துக்குப் போகிற வழி. தினமும் உன்னை மட்டும் கழிவுப் பஞ்சு அள்ள அனுப்புகிறார்கள், உன் தட்டை மட்டும் தனியாக வைக்கச் சொல்கிறார்கள் என்றால், அதை முதல் நாளே உள்ளுக்குள் சொல்லி நிறுத்த ஓர் இடம் வேண்டாமா? அமெரிக்காவில் சியாட்டில் நகரம் 2023இல் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. ஆப்பிள் நிறுவனம் அதற்கு முன்பே, 2020இல், தன் ஊழியர் நடத்தை விதிகளில் சாதி என்ற சொல்லைச் சேர்த்தது. கலிபோர்னியாவில் சேர்க்கப்பட்ட சொல் விருதுநகர் மாவட்டத்து ஆலையின் நிலையாணைகளில் ஏன் இல்லை என்று நாம்தான் கேட்க வேண்டும்.

கடைசியாக, வேலைக்குப் போகும் தோழர்களுக்குச் சில சொற்கள்.

உங்கள் கம்பெனியின் நடத்தை விதிகளை எடுத்துப் படியுங்கள். அதில் மதம் இருக்கும், பால் இருக்கும், நிறம் இருக்கும். சாதி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஏன் இல்லை என்று கேளுங்கள். தனியாகக் கேட்காதீர்கள், நான்கு பேராகச் சேர்ந்து எழுத்தில் கேளுங்கள். உள்ளகக் குழுவில் இருப்பவர்கள் யார், அவர்களை நியமித்தது யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். சங்கம் இருந்தால் சேருங்கள். அந்தச் சங்கத்தின் பொறுப்பாளர்கள் எல்லோரும் ஒரே சாதியாக இருந்தால், 1928இல் அம்பேத்கர் கேட்ட கேள்வியை அங்கேயும் கேளுங்கள்.

ஆதிக்க சாதியில் பிறந்து இந்தக் கூட்டத்துக்கு வந்திருக்கும் தோழர்களுக்கும் ஒன்று. நீங்கள் பேசினால் போகும் விலை குறைவு. அதே வார்த்தையைப் பக்கத்து மேசைத் தலித் தோழர் சொன்னால் போகும் விலை அதிகம். அவருக்காக நீங்கள் பேசிவிட வேண்டியதில்லை. அவர் பேசும்போது, நானும் பார்த்தேன் என்று சாட்சி சொல்லுங்கள். கம்பெனிகள் ஒற்றைக் குரலைப் பைத்தியக்காரத்தனம் என்று ஒதுக்கிவிடும். இரண்டாவது குரல் வந்ததும் அது புகார் ஆகிறது. பத்துக் குரல் சேர்ந்தால் அது பேச்சுவார்த்தை.

திண்டுக்கல்லில் அதைத் தொடங்கியவர்கள் நம்மைப் போன்ற ஆய்வாளர்கள் அல்ல. மில்லுக்கு வேலைக்குப் போன பெண்கள். ஒரு தோழியைப் பறிகொடுத்த பிறகு, அடுத்தவள் வாய் திறக்க ஓர் இடம் வேண்டும் என்று உட்கார்ந்து எழுதி, பன்னாட்டு நிறுவனத்தையே கையெழுத்துப் போட வைத்தார்கள். இங்கே இருக்கிற ஆலைகளிலும் அந்தப் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களோடு உட்கார்ந்து பேச நாம் எப்போது போகிறோம் என்பதை, டீ குடித்துவிட்டு, இன்றைக்கே தேதி போட்டு முடிவு செய்வோம்.